ஆறாவது பாட்டில் என் குலவை

1

மதுரையில் இருக்கும் என் சொந்தபந்தங்களிடம் சொல்லிவைத்திருந்த ஒரு பொய்யை முதலில் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். என் மகள் யாழினி நார்வேயில் வெள்ளைக் கவுன் போட்டு, கையில் பாட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு, சேர்ந்திசைக் குழுவில் பாடுகிறாள் என்று கே.கே. நகரில் தெருவுக்கு நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறேன். லீவுக்கு வந்தபோது பல் வலிக்குப் போன கிளினிக்கில், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத அம்மாவிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். அம்புட்டும் பொய். அவள் கருப்புச் சட்டை போட்டு, மூஞ்சியில் கரியும் சாம்பலும் அப்பிக்கொண்டு, மேடையில் நின்று உறுமுகிறாள்.

உறுமுகிறாள் என்றால் உறுமுகிறாள்தான், மெருகேற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. எக்ஸ்ட்ரீம் மெட்டல் என்று அதற்குப் பெயர். ரெண்டு கிட்டாரும் லோடு ஏற்றிய லாரி மேடு ஏறுகிற மாதிரி இரையும். டிரம்ஸ்காரன் ரெண்டு கையும் ரெண்டு காலும் போதாமல் தலையையும் ஆட்டுவான். நடுவில் என் மகள், அஞ்சடி ரெண்டங்குலம், தொண்டையிலிருந்து வராத ஒரு குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்து வெளியே போடுவாள். குழுவின் பெயர் உங்கள் வாயில் நுழையாது, என் வாயிலும் நுழையாது. அர்த்தம் 'கல்மழை'. அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரத்தோடு அவர்களுடைய லைவ் ஆல்பம் வந்து ஒரு வருசம் ஆகிறது. கேக் வெட்டினார்கள். என்னையும் கூப்பிட்டு முதல் துண்டை என் கையில் கொடுத்தார்கள். காரணம், அந்த ஆல்பத்தில் ஆறாவது பாட்டில் பதினொரு விநாடி நானும் இருக்கிறேன். அது எப்படி நடந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2

நாங்கள் பெர்கனுக்கு வந்து இருபத்தாறு வருசம். இந்த ஊரில் மழை வேலைக்கு வருகிற மாதிரி தினமும் நேரத்துக்கு வரும். எங்க வீட்டுக்காரர் ராஜேந்திரன் கப்பல் இன்ஜின் பழுதுபார்க்கும் பட்டறையில் இருக்கிறார். நான் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில். காலை ஆறரைக்குப் போனால் மத்தியானம் ரெண்டரைக்கு விடுவார்கள். உருளைக்கிழங்கு, கேரட், மீன், மறுபடியும் உருளைக்கிழங்கு. நான் பேசுகிற நார்வே பாஷையும் அந்தச் சமையலறையிலேயே கற்றதுதான். உப்பு, கொதி, இறக்கு, மூடு, தள்ளிப் போ சூடு. இதைத் தாண்டி மனசில் இருப்பதைச் சொல்ல வேண்டும் என்றால் கை காலெல்லாம் உதவிக்கு வர வேண்டும்.

யாழினிக்கு அப்போது இருபத்தொரு வயது. ஒருநாள் அடித்தளத்தில் துணி துவைக்கிற அறையிலிருந்து பயங்கரச் சத்தம். மிஷின் உடைந்துவிட்டது என்று ஓடினேன். மிஷின் சும்மாதான் இருந்தது. யாழினி சுவரைப் பார்த்து நின்று, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உறுமிக்கொண்டிருந்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுவிட்டது. ஏனென்று அவளுக்கு எப்படித் தெரியும்? அந்தக் குரலை எனக்கு முன்னாலேயே தெரியும்.

"பேய் பிடிச்சவ கணக்கா ஏன்டி கத்துற? வெக்கமா இல்ல ஒனக்கு?" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. ரெண்டே மாசத்தில் வேறு வீடு பார்த்துப் போய்விட்டாள். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரு செய்தி அனுப்புவேன், 'சாப்டியா?' என்று. 'ம்' என்று பதில் வரும். ரெண்டு வருசம் எங்களுக்குள் இருந்த பேச்சு இம்புட்டுத்தான். அந்த 'ம்' வர ஒரு மணி நேரம் பிந்தினாலும் எனக்குச் சோறு இறங்காது.

3

என் அய்யா பெருமாள், திருமங்கலத்தில் ஒரு பருத்தி மில்லில் எடை போடுகிற வேலை பார்த்தவர். வருசத்தில் முந்நூற்று அறுபத்து நாலு நாளும் அதிர்ந்து பேசாத மனுசர். பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால்கூட இவர்தான் "மன்னிச்சுக்கங்க அண்ணே" என்பார்.

மிச்சம் ஒரு நாள் மாசிக் கும்பிடு. பேரையூருக்குத் தெற்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் எங்கள் குலசாமி கோயில். கோயில் என்றால் கோபுரம் எதுவும் கிடையாது, ஒரு வேப்பமரமும் பலிபீடக் கல்லும் நாலு அரிவாளும்தான். உச்சி வெயிலில் அய்யா மேல் கருப்பு இறங்கும். இறங்கினதும் அந்த மனுசர் வாயிலிருந்து ஒரு உறுமல் வரும் பாருங்கள், ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். அது அய்யாவின் குரல் கிடையாது. யார் குரல் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

உறுமி முடித்ததும் சாமி பேசாது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, உடம்பு மட்டும் நடுங்க, கல்லு மாதிரி நிற்கும். அந்த நேரத்தில் பெண்டுகள் குலவை போட வேண்டும். போட்டால்தான் சாமி தலையை நிமிர்த்தி வாக்குச் சொல்லும். யாரும் போடாமல் விட்டால் வந்த சாமி தொண்டையிலேயே அடைத்துக்கொள்ளும், ஆள் வேரறுந்த மரமாகச் சாய்ந்துவிடுவார் என்பார்கள். அதனால் சாமி வாய் மூடி நின்றால் எங்கள் பக்கத்துப் பெண்கள் யாரும் யோசிக்க மாட்டார்கள். நாக்கு தானாகப் புரளும். என் குலவை எங்கம்மா குலவை மாதிரியே நீட்டமாக விழும், கடைசியில் ஒரு வெட்டு வெட்டி நிற்கும்.

எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஒன்பது வயதிலிருந்து தண்ணிச் செம்பு என் கையில்தான். சாமி மலையேறும்போது அய்யாவுக்குக் கண் தெரியாது. வலது கையை மட்டும் காற்றில் நீட்டுவார். அந்தக் கையில் செம்பைக் கொடுத்து, "இந்தாங்கய்யா, குடிங்க" என்று சொல்ல வேண்டும். குடித்து முடித்தால் மறுபடி எங்கள் அய்யா ஆகிவிடுவார். செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, "நீ சாப்டியாத்தா?" என்பார்.

பதினேழு வயதில் மதுரையில் ஒரு மிஷன் பள்ளி ஹாஸ்டலில் சேர்ந்தேன். "ஏய் செல்வி, உங்கப்பாவுக்குப் பேய் பிடிக்குமாமே" என்று ஒருத்தி கேட்டாள். எட்டுப் பேர் சிரித்தார்கள். அந்த மாசிக்கு எனக்குப் பரீட்சை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பரீட்சை ஒன்றும் இல்லை. அன்றைக்கு அய்யா நீட்டின கையில் யாரும் செம்பைக் கொடுக்கவில்லை. ஆளாளுக்கு அடுத்தவர் கொடுப்பார் என்று நின்றிருக்கிறார்கள். அப்படியே முன்னால் விழுந்து பலிபீடக் கல்லில் நெற்றி பிளந்து ஏழு தையல். ஏன் வரவில்லை என்று அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் அதற்கப்புறம் அந்தக் கோயில் பக்கம் போகவில்லை.

கே.கே. நகரில் மாதச் சம்பளக் குடும்பத்தில் வாக்கப்பட்டேன். கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும்போது என் அத்தை ஆசையாகக் குலவை போட ஆரம்பித்தாள். கண்ணாலேயே அதட்டி நிறுத்தியவள் நான். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே ரெண்டு போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

4

ஒரு சனிக்கிழமை. சமையலறையில் என்னோடு கேரட் நறுக்கும் பெண் போனை நீட்டி, "இது உன் மகள் இல்லையா?" என்றாள். யாழினி படம். பழைய மத்தி மீன் தொழிற்சாலை ஒன்றில் அன்று மாலை நாலு மணிக்குக் கச்சேரி, அங்கேயே ஆல்பத்துக்கு ரெக்கார்டிங். எனக்கு அழைப்பு இல்லை. அழைப்பு வராது என்றும் தெரியும். ஏன் போனேன் என்று கேட்டால், அவளைப் பார்த்து எட்டு மாசம் ஆகியிருந்தது, அதுதான் காரணம். வேலை முடிந்த கையோடு, கேரட் கறை படிந்த மேல்சட்டையோடு போய் நின்றேன்.

உள்ளே ஒரு நானூறு பேர். எல்லாரும் கருப்புச் சட்டை, மண்டையோட்டுப் படம், இடுப்பு வரைக்கும் தாடி. அடி ஆத்தி, வந்து மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். அதில் ஒரு தாடிக்காரர் என் ஈரக் கோட்டை வாங்கி ஆணியில் மாட்டினார். இன்னொரு பெண் காதில் வைக்கப் பஞ்சு மாதிரி ரெண்டு கொடுத்து, எப்படி வைப்பது என்றும் காட்டிக்கொடுத்தாள். நம் ஊர்க் கல்யாணப் பந்தியில்கூட இப்படி ஒரு உபசாரம் எனக்கு நடந்ததில்லை.

பிறகு ஆரம்பித்தார்கள்.

எப்படிச் சொல்வேன்? சத்தம் என்று அதைச் சொன்னால் பாவம். சத்தம் காதில் கேட்கும். இது விலா எலும்பில் கேட்டது. தரை அதிர்ந்து, முழங்கால் வழியாக ஏறி, நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கு நடுவில் யாழினி வந்தாள். நெற்றியில் சாம்பல், கண்ணைச் சுற்றிக் கரி. வாயைத் திறந்தாள். அவ்வளவுதான், நான் பஞ்சை எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டேன். பிறந்தபோது மூணு கிலோகூட இல்லாத புள்ளை. ராத்திரி அழுதால் பக்கத்து அறைக்குக் கேட்காது. அந்த உடம்புக்குள் இது எங்கே இருந்தது? நானூறு பேரும் தலையை ஆட்டுகிறார்கள், கையைத் தூக்குகிறார்கள், அவள் ஒரு உறுமலில் நிறுத்துகிறாள், ஒரு உறுமலில் கிளப்புகிறாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். பயமும் இல்லை, வெட்கமும் இல்லை. இப்படி ஒன்று என் வயிற்றில் பிறந்ததே என்ற மலைப்பு மட்டும்தான் இருந்தது.

ஆறாவது பாட்டுக்கு முன்னால் அவள் எல்லாரிடமும் பேசினாள். பாட்டின் நடுவில் எல்லாம் நின்றுவிடும், அப்போது கைதட்டக் கூடாது, இருமக் கூடாது, நானூறு பேரும் சேர்ந்து மௌனமாக நிற்க வேண்டும், அந்த மௌனத்தைப் பதிவு பண்ணத்தான் இந்த ஆல்பமே என்றாள். எனக்கு நன்றாகவே புரிந்தது. புரியவில்லை என்று சாக்குச் சொல்ல மாட்டேன்.

பாட்டு ஏறு ஏறு என்று ஏறியது. உச்சியில் ஒரு உறுமல். பிறகு எல்லாம் டக்கென்று நின்றது.

யாழினி தலையைத் தொங்கப் போட்டு நின்றாள். முடி முகத்தை மூடியிருந்தது. உடம்பு நடுங்கியது. கல்லு மாதிரி நிற்கிறாள். யாரும் அசையவில்லை. ஒருத்தருக்கும் தெரியவில்லையே, புள்ளை நிற்கிறதே, தொண்டையில் அடைத்துக்கொள்ளுமே, விழுந்துவிடுவாளே, கீழே பூராவும் இரும்புப் பெட்டியாக இருக்கிறதே என்று எனக்குள் ஓடியது. பரீட்சை என்று சொல்லிவிட்டு ஹாஸ்டலில் உட்கார்ந்திருந்த அந்தப் பதினேழு வயதுக்காரி ஓடினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

என் நாக்கு புரண்டுவிட்டது.

முப்பத்தஞ்சு வருசமாகப் போடாத குலவை. எங்கம்மாவே வந்து போட்ட மாதிரி நீட்டமாக விழுந்தது. மீன் தொழிற்சாலைத் தகரக் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. கடைசி வெட்டு விழுவதற்கும் யாழினி தலையை நிமிர்த்துவதற்கும் சரியாக இருந்தது. நிமிர்ந்தவள் உறுமினாள். அய்யோ, அது அதுவரைக்கும் உறுமின மாதிரியே கிடையாது. டிரம்ஸ்காரன் திடுக்கிட்டுப் பின்னாலேயே ஓடிவந்து சேர்ந்துகொண்டான்.

நான் செய்த காரியம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. கோட்டைக்கூட எடுக்காமல் வெளியே மழைக்குள் ஓடிவிட்டேன்.

5

வீட்டுக்கு வந்து சேருவதற்குள் போன். "அம்மா, அது நீதானே?"

"ம்" என்றேன். இந்தத் தடவை 'ம்' சொல்கிற முறை எனக்கு வந்திருந்தது.

"ஏம்மா? ஒரே ஒரு தடவைதான் ரெக்கார்டிங். அந்த மௌனம்தான் ஆல்பம். ஏம்மா?" வைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை 'சாப்டியா' அனுப்பினேன். பதில் இல்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. எங்க வீட்டுக்காரரிடம் அழுதேன். அவர் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டே, "செல்வி, கோவிச்சுக்காத. நான் அவ கச்சேரிக்கு மூணு தடவ போயிருக்கேன். டிரம்ஸ் பெட்டிய நம்ம வண்டியிலதான் ஏத்திக்கிட்டுப் போறது" என்றார்.

"அடப்பாவி மனுசா! எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா?"

"ஒன் மூஞ்சியப் பாத்துட்டு யாரு சொல்லுவா?"

அதுவும் நியாயம்தான். என்னிடம் உண்மையைச் சொல்ல என் வீட்டில் யாருக்கும் தைரியம் இல்லாமல் நானே பண்ணிவைத்திருந்தேன்.

மூணாவது வாரம் யாழினி கூப்பிட்டாள். ஸ்டுடியோவுக்கு வா என்றாள். குரலில் கோபமும் இல்லை, வேறொன்றும் இல்லை. போனேன். அவளும் டிரம்ஸ்காரன் ஓலாவும் இருந்தார்கள். ஓலா மேடையில் பார்த்தால் ஆளை விழுங்குகிறவன் மாதிரி இருப்பான், கிட்டத்தில் பார்த்தால் என் கோட்டைப் பத்திரமாக மடித்து எடுத்து வைத்திருக்கிற புள்ளை.

"வெட்டி எடுக்கப் பாத்தோம்மா. முடியல. எல்லா மைக்லயும் ஏறியிருக்கு. எடுத்தா பாட்டையே எடுக்கணும். இல்லன்னா வச்சுக்கணும். அது என்னன்னு தெரியாம எப்படி வச்சுக்க?" என்றாள் யாழினி.

ஹெட்போனை மாட்டிவிட்டார்கள். என் குலவையை நானே வெளியிலிருந்து கேட்டது அன்றைக்குத்தான். மேலே மேலே ஏறி, நடுங்கி, வெட்டி நின்றது. அது நின்ற இடத்திலிருந்து என் மகளின் உறுமல் கிளம்பியது, ஒரே மூச்சை ரெண்டு பேர் விட்ட மாதிரி. எனக்கு மயிர்க்கூச்செறிந்து கண்ணில் தண்ணி வந்துவிட்டது. ரெண்டாவது தடவை போடு என்றேன். மூணாவது தடவையும் போடு என்றேன்.

இது என்ன என்று ஓலா கேட்டான். என்னிடம் இருப்பது சமையலறைப் பாஷை. என்ன செய்ய? "பால் பொங்க வரும்போது அடுப்பைக் குறைப்போம் இல்லையா, அதுக்கு நேர்மாறு. பொங்கு, பொங்குன்னு பாலுக்கிட்டச் சொல்றது" என்றேன். அவன் யாழினியிடம் திரும்பி, "இதை எடுத்தால் நான் வாசிக்க மாட்டேன்" என்றான்.

யாழினி மட்டும் விடவில்லை. "நீ எதுக்கும்மா போட்ட?"

அப்போதுதான் அய்யாவைப் பற்றி அவளிடம் சொன்னேன். வேப்பமரம், உறுமல், மௌனம், செம்பு, ஏழு தையல், எல்லாம். பிறந்ததிலிருந்து அவளுக்குத் தெரிந்த தாத்தா, கே.கே. நகரில் என் தம்பி வீட்டு பால்கனியில் பேப்பர் படிக்கும் ஒரு வயசாளி. அவ்வளவுதான் காட்டியிருந்தேன்.

"ஏன் எங்கிட்டச் சொல்லவே இல்ல?"

"வெக்கமா இருந்துச்சு."

"தாத்தாவ நெனச்சா, என்னய நெனச்சா?"

"ரெண்டு பேரையும்தான்டி" என்றேன்.

"நான் எண்ணிக்கிட்டு இருந்தேன்மா. இருபது எண்ணி ஆரம்பிக்கணும். பதினஞ்சுலேயே ஆரம்பிச்சுட்டேன். ஏன்னு தெரியல" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டினாள். "சாமி கீமின்னு சொல்லாத. பயந்துட்டேன், அவ்வளவுதான்."

சரி, பயம்தான். நானும் பெரிய பக்திக்காரி இல்லை. ஆனால் அதற்கு முன் குலவையையே கேட்டிராத புள்ளைக்கு, அது முடிகிற இடம் எப்படித் தெரிந்தது என்று நான் இன்றைக்கும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அனுப்புவதற்கு முன்னாலேயே போன் சிணுங்கியது. 'சாப்டியா' என்று அவள் கேட்டிருந்தாள்.

6

இந்த நாட்டில் ஒருவர் தும்மினாலும் அதற்கு ஒரு படிவம் உண்டு. ஆல்பத்தில் சத்தம் போட்டவர்கள் எல்லாரும் சம்மதம் எழுதிக்கொடுக்க வேண்டுமாம். கம்ப்யூட்டரில் படிவத்தைத் திறந்தால் 'என்ன வாத்தியம்?' என்று ஒரு கட்டம். கீழே நீளமாக ஒரு பட்டியல். மாட்டுமணி இருக்கிறது, விசில் இருக்கிறது, கரண்டி இருக்கிறது, மரம் அறுக்கும் ரம்பம்கூட இருக்கிறது. குலவை இல்லை.

யாழினி அலுவலகத்துக்குப் போன் போட்டாள். குரலா, தாள வாத்தியமா என்று கேட்டார்கள். யாழினி என்னைப் பார்த்தாள். "நாக்கு அடிக்குது, தொண்ட பாடுது" என்றேன். அதை மொழிபெயர்த்துச் சொன்னாள். அப்படியானால் ரெண்டு வேலை, ரெண்டு படிவம் என்றார்கள். ஒரு நாக்கு, ஒரு தொண்டை, ரெண்டு கையெழுத்து! கடைசியில் 'பிற' என்ற கட்டத்தில் எங்கள் எழுத்தாலேயே எழுதவிட்டார்கள்.

அடுத்த கட்டம் குடும்பப் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட் எடுத்தபோது என் இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள், எழுதினேன். அதிலிருந்து இந்த ஊரில் நான் பெருமாள். ஆஸ்பத்திரியில் பெருமாள், வரி அலுவலகத்தில் பெருமாள், முதியோர் இல்லத்துச் சம்பளச் சீட்டில் பெருமாள். இருபத்தாறு வருசமாக, அது என் பெயர் இல்லை, என் அப்பா பெயர் என்று கவுண்டருக்குக் கவுண்டர் சண்டை போட்டிருக்கிறேன். ஒருத்தரும் மாற்றித் தந்ததில்லை.

ஆல்பம் அச்சாகி வந்தது. அகலமான கருப்பு அட்டை. பின்பக்கம், ஆறாவது பாட்டுக்கு நேராக, 'செ. பெருமாள் – குலவை'. இரண்டு பாஷையிலும் போட்டிருந்தார்கள். மாற்றித் தராத எல்லா அலுவலகத்தையும் மனசுக்குள் கும்பிட்டேன்.

7

அய்யாவுக்கு எண்பத்திரண்டு வயது. கருப்பு அவரை விட்டு என்றைக்கோ வேறு ஆளுக்கு மாறிவிட்டது. காது மந்தம். நெற்றித் தழும்பு மட்டும் சுருக்கத்துக்குள் மறையாமல் அப்படியே இருக்கிறது.

என் தம்பி சரவணன் போனில் வந்தான். பாட்டை அனுப்பியிருந்தேன். "அக்கா, கேட்டேன்க்கா. கேட்டுட்டு மதியம் வரைக்கும் வேலையே ஓடல. கொயர்னு சொன்னியேக்கா, இதுவா கொயரு?" என்று சிரித்தான். சிரிப்பு நின்றதும், "அய்யாவுக்குப் போடவா?" என்றான்.

வேண்டாம் என்றுதான் வாயில் வந்தது. விழுங்கிவிட்டு, "போடுடா" என்றேன்.

அண்ணாநகரில் இருக்கும் சிநேகிதனிடமிருந்து பெரிய ஸ்பீக்கர் பெட்டி ஒன்று வாங்கி வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைக் காலை. போனைச் சுவரில் சாய்த்து வைத்து எனக்குக் காட்டினான். அய்யா ஈஸிசேரில். பாட்டு ஆரம்பித்ததும் எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தது எனக்கே தெரிந்தது. சரவணன் எழுந்து ஜன்னலைச் சாத்தினான். அய்யாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு எழுந்து வந்து, பெட்டி மேல் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவே இல்லை. யாழினி உறுமிய ஒவ்வொரு தடவையும் அந்தக் கை அதிர்ந்தது.

மௌனம் வந்தது. அய்யாவின் தலை தானாகக் கவிழ்ந்தது.

குலவை விழுந்தது. அய்யா நிமிர்ந்தார்.

"செல்வி" என்றார். யார் என்று கேட்கவில்லை, சொன்னார்.

பாட்டு முடிந்ததும் சரவணன் அவர் காதருகே குனிந்து, "உறுமுறது யாழினிய்யா, உங்க பேத்தி. அட்டையில உங்க பேரு போட்டிருக்கு" என்று கத்தினான். பேர் விசயம் அவருக்கு ஏறவே இல்லை. போனைப் பார்த்துத் திரும்பினார்.

"முடிச்சப்புறம் புள்ளைக்குத் தண்ணி குடுத்தது யாரு?"

அந்த வேளையில் கோட்டை விட்டுவிட்டு மழைக்குள் ஓடிக்கொண்டிருந்தேன்.

"நான் குடுக்கலய்யா. ஓடி வந்துட்டேன்." இன்னொன்றும் பின்னாலேயே வந்துவிட்டது. "அன்னைக்கும் குடுக்கல. பரீச்சன்னு சொன்னது பொய்யிய்யா."

சரவணன் அதை அவர் காதில் திருப்பிச் சொல்லத் தயங்கினான். சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"தெரியும்த்தா" என்றார் அய்யா. தழும்பை ஒரு விரலால் தேய்த்துக்கொண்டார். "அதுக்கென்ன இப்ப? அடுத்த தடவ குடு."

8

அடுத்த தடவை ரெண்டு வாரத்தில் வந்தது. அதே மீன் தொழிற்சாலை, அதே நாலு மணி. இந்தத் தடவை அழைப்பு இருந்தது. கழுத்தில் மாட்டும் அட்டை, மேடை ஓரம் வரைக்கும் போகலாம். சீர்வரிசையோடு வந்த பித்தளைச் செம்பு இந்த ஊருக்கு வந்ததிலிருந்து பரணில் கிடந்தது. புளி போட்டுத் தேய்த்து எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் பாதுகாப்புக்கு நின்ற ஆள் அதற்குள் என்ன என்று கேட்டான். தண்ணி என்றேன். மோந்து பார்த்துவிட்டு விட்டான்.

குலவை போடச் சொல்லி அந்தத் தாடிக்காரர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். ஆறாவது பாட்டில் போட்டேன். அதெல்லாம் இப்போது பழகிவிட்டது. எனக்குச் செம்பின் மேல்தான் கண்.

கடைசிப் பாட்டு முடிந்தது. கூட்டம் இரைந்தது. யாழினி மேடையிலிருந்து ஓரமாக வந்தாள். சாம்பலும் கரியும் வேர்வையில் கரைந்து கழுத்து வரைக்கும் வழிந்திருந்தது. கண் திறந்துதான் இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. ரெண்டு எட்டு வைத்து நின்றாள். உடம்பு நடுங்கியது. நான் சொல்லிக் கேட்டதோடு சரி, எங்கேயும் பார்த்ததில்லை, வலது கையை மட்டும் காற்றில் நீட்டினாள்.

செம்பை அந்தக் கையில் வைத்தேன். ஆத்தா என்று சொல்லலாம், கண்ணு என்று சொல்லலாம், எத்தனையோ இருக்கிறது. என் வாயில் வந்தது இதுதான்:

"இந்தாங்கய்யா, குடிங்க."

ஒரே மூச்சில் குடித்தாள். செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, மூச்சு வாங்க வாங்கக் கேட்டாள்.

"நீ சாப்டியாம்மா?"